எர்ன்ஸ்ட் செயின்

பெனிசிலின் என்றதும் நம் நாவில் வருவது அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயரே. 1928ஆம் ஆண்டு பூஞ்சையில் அதன் ஆற்றலைக் கண்டவர் அவர். ஆனால் அதனை மருந்தாக்கியவர்களுள் ஒருவரும், அம்மருந்தின் பகைவனை இனங்கண்டவருமான எர்ன்ஸ்ட் செயினை நம்மில் பலர் அறியோம்.

செயின் 1906ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். செயின் பியானோ வாசிப்பதிலும் வல்லவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வரவே, கையில் பத்துப் பவுண்டு பணத்துடன் இங்கிலாந்து சென்றார். பிறந்த நாட்டில் விட்டு வந்த தாயும் சகோதரியும் பின்னாளில் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர். அத்துயரை எவ்வாறுதான் தாங்கினாரோ!

ஆக்ஸ்போர்டில் புளோரி என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, பெனிசிலினைப் பிரித்தெடுக்க முனைந்தார். 1940 மே 25ஆம் நாள் கொடிய கிருமி செலுத்தப்பட்ட எட்டு எலிகளுள் மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. மற்ற நான்கும் மாண்டன.

அவ்வாண்டு டிசம்பரில் செயினும் எட்வர்ட் ஆபிரகாமும் வெளியிட்ட செய்திதான் எனக்கு அதைவிட வியப்பளிக்கிறது. சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியை உண்டாக்கிப் பெனிசிலினையே அழித்துவிடுகின்றன என்று கண்டனர். அதற்குப் பெனிசிலினேஸ் என்று பெயரிட்டனர். ஆக்ஸ்போர்டில் ஒரு நோயாளிகூட அம்மருந்தைப் பெறாத காலம் அது! பெனிசிலின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான சிறு வளையம் உண்டு. நொதி நீரைச் சேர்த்து அவ்வளையத்தை உடைத்துவிடும். பிறகு அம்மருந்து பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்க இயலாது.

1945இல் பிளெமிங், புளோரி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். காப்புரிமை வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால் உடன் உழைத்தவர்களுடன் மனக்கசப்பு உண்டாயிற்று. 1948இல் ரோம் நகருக்குப் போய்விட்டார். அவர் ஆலோசனை கூறிய பீச்சம் கம்பெனியார் பெனிசிலினின் கருப்பகுதியைப் பிரித்தெடுத்து, அந்த நொதிக்கு அஞ்சாத மெதிசிலினை உருவாக்கினர். ஆயினும் 1961இலேயே அதனையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் தென்பட்டது. அது வேறு தந்திரத்தைக் கையாண்டது.

1979 ஆகஸ்டு 12ஆம் நாள் செயின் அயர்லாந்தில் காலமானார்.

2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. என்.டி.எம்.-1 என்னும் நொதியுடைய பாக்டீரியாக்கள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் கிடைத்தன. அந்நொதிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. ஆஸ்பத்திரியில் அறுவைப் புண்ணோடும், சிறுநீர்க் குழாயோடும் படுத்திருப்பவர்களையே இத்தகைய கிருமிகள் எளிதில் பற்றுகின்றன. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சிகிச்சைக்காக இறங்கி வரும் ஏழைகளுக்கு விலையுயர்ந்த மருந்துகள் எட்டுமா? கடைசி மருந்தென வைத்திருந்த கார்பபீனெம்களையும் இந்நொதி விடுவதில்லை. செயின் கண்ட நொதியைப் போலவே இதுவும் அந்த நான்கு அணு வளையத்தைத்தான் உடைக்கிறது.