எட்கர் காட்

எட்கர் பிராங்க் காட் (1923 - ஏப்ரல் 18, 2003) ஒரு கணினி அறிவியலாளர். தரவுத்தளங்களுக்கான உறவுசார் மாதிரியை உருவாக்கியவர். 1981 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்த காட், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையில் விமானியாக இருந்தார். 1948 இல் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் அரசியல் மீது கொண்ட வெறுப்பால் 1953 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகளில் அமெரிக்கா திரும்பினார். 1965 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

உறவுசார் மாதிரி

அக்காலத் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை நிரலரே எழுத வேண்டியிருந்தது. 1970 இல் வெளியான கட்டுரையில் காட், கணக்கோட்பாட்டின் அடிப்படையில் தரவுகளை அட்டவணைகளாக அமைக்க முன்மொழிந்தார். இம்மாதிரியில் வினவலின் விடையும் ஓர் அட்டவணையே ஆகும். ஆகவே விடையின் மீது மீண்டும் வினவ இயலும்.

எடுத்துக்காட்டாக, திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், கொடைக்கானல் ஆகிய 4 ஊர்களைக் கொண்ட அட்டவணையில் சமவெளி ஊர்களை மட்டும் வினவினால், கொடைக்கானல் நீங்கலாக 3 வரிசைகள் கொண்ட புதிய அட்டவணை கிடைக்கும். இது தற்காலிகமானது, மூல அட்டவணையில் 4 ஊர்களும் மாறாமல் இருக்கும். விரிதாளில் வடிகட்டும்போது நிகழ்வது வேறு. அங்கே புதிய அட்டவணை தோன்றுவதில்லை. மூல அட்டவணையிலேயே கொடைக்கானல் வரிசை மறைக்கப்படுகிறது. எனவே அங்கு செய்யும் திருத்தம் மூலத்தையே மாற்றும்.

வினவலுக்குப் பெயரிட்டுச் சேமித்தால் அது காட்சி எனப்படும். காட்சி பொதுவாகத் தரவைத் தனியே சேமிப்பதில்லை. மூலத்தில் பழநி சேர்க்கப்பட்டால், காட்சியை அடுத்த முறை திறக்கும்போது பழநியும் தோன்றும். முன்பே பெறப்பட்ட விடையில் தோன்றாது.

ஏற்பும் கருத்து வேறுபாடும்

ஐஎம்எஸ் என்னும் பழைய தரவுத்தள மென்பொருளால் நல்ல வருவாய் ஈட்டிவந்த ஐபிஎம், காட்டின் மாதிரியை ஏற்கத் தயங்கியது. 1970களில் அந்நிறுவனம் தொடங்கிய சிஸ்டம் ஆர் திட்டத்தில், காட் வடிவமைத்த ஆல்ஃபா மொழிக்கு மாறாக, பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர்பெற்ற மொழி உருவானது. இம்மொழியின் விடைகளில் ஒரே வரிசை பலமுறை இடம்பெறலாம். கணத்தில் ஓர் உறுப்பு ஒருமுறையே இடம்பெறும் என்பதால், அத்தகைய விடை உண்மையான உறவு அன்று எனக் காட் இறுதிவரை கண்டித்தார். 1985 இல், ஒரு தரவுத்தளம் உறவுசார்ந்ததா என அறியும் விதிகளை வெளியிட்டார். கொள்கையளவில் திருத்தக்கூடிய காட்சிகள் அனைத்தையும் தரவுத்தளமும் திருத்த இடமளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

மறைவு

காட் 2003 இல் புளோரிடாவில் தமது 79 ஆம் வயதில் காலமானார். அவர் குறைகண்ட எஸ்கியூஎல் மொழியே அவரது மாதிரியை உலகெங்கும் பரப்பியது.