ரெட் கிளவுட்

ரெட் கிளவுட் (1822 – டிசம்பர் 10, 1909) வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் வாழ்ந்த லக்கோட்டா மக்களின் ஒகலாலா பிரிவுத் தலைவர்களுள் ஒருவர் ஆவார். இவரது லக்கோட்டா பெயர் மக்பியா லூட்டா. இதன் பொருள் செம்முகில் என்பதாகும். ஐக்கிய அமெரிக்கப் படை தனது எல்லைப்புறக் கோட்டைகளை விட்டு வெளியேறக் காரணமானவராக அறியப்படுகிறார்.

இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் ஆற்றுப் பகுதியில் பிறந்தார். தந்தையை இளவயதில் இழந்து, தாய்வழி உறவினரிடம் வளர்ந்தார்.

பில் கார்னி கோட்டை

மொன்டானாவில் தங்கம் கிடைத்த பின்னர், அங்கு செல்வோர் பயன்படுத்திய போஸ்மன் வழி லக்கோட்டாக்களின் வேட்டை நிலத்தை ஊடறுத்துச் சென்றது. அதைக் காக்க 1866 சூலையில் கர்னல் என்றி காரிங்டன் இன்றைய வயோமிங்கில் பில் கார்னி கோட்டையை அமைத்தார். 17 ஏக்கர் பரப்பைச் சுற்றி 8 அடி உயர மரத்தூண் அரண் எழுந்தது. எனினும், கட்டுமானத்துக்கும் விறகுக்கும் வேண்டிய மரத்தைப் பல மைல் தொலைவிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. கோட்டையின் பெரும் பலவீனம் இதுவே. மரவண்டிகள் ஓயாது தாக்கப்பட்டன. டிசம்பர் 21, 1866 அன்று மரவண்டிகளை மீட்கச் சென்ற கேப்டன் வில்லியம் பெட்டர்மன், பின்வாங்குவது போல் நடித்த சிறு குழுவைத் துரத்திச் சென்று பொறியில் சிக்கினார். அவருடன் சேர்த்து 81 பேரும் கொல்லப்பட்டனர். ரெட் கிளவுட் அன்று களத்தில் இருந்தாரா என்பதில் வரலாற்றாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

1868 லாரமி கோட்டை உடன்படிக்கையின்படி போஸ்மன் வழியிலிருந்த மூன்று கோட்டைகளும் கைவிடப்பட்டன. தொடருந்துப் பாதை மேற்கே நீண்டு வந்ததால் அவ்வழியின் தேவை குறைந்திருந்ததும் இதற்கு ஒரு காரணம். வீரர்கள் வெளியேறியதும் பழங்குடியினர் பில் கார்னி கோட்டையை எரித்தனர். அது நிலைத்தது இரண்டே ஆண்டுகள். படைகள் அகன்ற பிறகே, அவ்வாண்டு நவம்பரில், ரெட் கிளவுட் கையொப்பமிட்டார்.

பிற்காலம்

அதன்பின் அவர் அமெரிக்காவுக்கு எதிராகப் போரிடவில்லை. 1870ல் வாசிங்டன் சென்று குடியரசுத் தலைவர் கிராண்ட்டைச் சந்தித்தார். ஆயினும் உடன்படிக்கை லக்கோட்டாக்களுக்கு உறுதியளித்த கருங்குன்றுகளில் 1874ல் தங்கம் கண்டறியப்பட, 1877ல் அந்நிலம் பறிக்கப்பட்டது. 1876 போரில் ரெட் கிளவுட் சேரவில்லை. இருந்தும் அவரது மக்களின் குதிரைகளைப் படையினர் பறிமுதல் செய்தனர். இறுதிக் காலத்தில் பார்வையை இழந்திருந்த அவர், தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ச் ஒதுக்கிடத்தில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பில் கார்னி கோட்டை இருந்த இடம் 1960ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.