சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த ராஜா

புணேயில் வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஔந்த் என்றவுடன் அந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பேட்டைதான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது வேறு ஔந்த். சதாரா மாவட்டத்தில், யமாயி தேவி கோயில் கொண்டிருக்கும் குன்றை ஒட்டிய சிற்றூர் அது. பிரிட்டிஷார் காலத்தில் 72 கிராமங்கள் அடங்கிய ஒரு குட்டி சமஸ்தானத்தின் தலைநகர். அதை ஆண்ட பவான்ராவ் ஸ்ரீநிவாஸ்ராவ் பந்த் பிரதிநிதி (1868–1951) என்பவரைப் பற்றி நம் இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிரதிநிதி என்பது அந்தக் குடும்பத்தின் பட்டம். சத்ரபதி ராஜாராம், மொகலாயர்களின் கையில் சிக்காமல் தெற்கே வந்து நம் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆட்சி நடத்தியபோது உண்டாக்கிய பதவி அது. பிற்பாடு தேசஸ்த பிராமணரான இவருடைய முன்னோர்களுக்கு அது பரம்பரை உரிமையாயிற்று.

பவான்ராவ் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். சித்திரம் வரைவதில் தேர்ந்தவர். ராமாயணக் காட்சிகளைத் தம் கையாலேயே வரைந்து நூலாக வெளியிட்டார். புணே பண்டார்கர் நிறுவனம் மகாபாரதத்தின் சுத்தப் பதிப்பைக் கொண்டுவர முன்வந்ததற்கு இவருடைய தூண்டுதலும் பொருளுதவியும் முக்கியக் காரணங்கள். லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் 1910-ல் தம் தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது தம் எல்லைக்குள் நிலம் கொடுத்தவரும் இவரே. அந்த இடம்தான் கிர்லோஸ்கர்வாடி. ஆனால் இவ்வளவையும் விட அவர் மனத்துக்கு நெருக்கமாயிருந்தது தேகப் பயிற்சி.

இளமையில் அவர் மல்யுத்தக்காரர்களின் முறைப்படி தண்டால், பஸ்கி எடுத்தவர். அந்நாளில் யூஜின் சான்டோ என்ற ஜெர்மானிய பலசாலியின் பெயர் இந்தியா முழுவதும் பிரசித்தம். பவான்ராவ் 1897-ல் சான்டோவின் கருவிகளையும் புத்தகங்களையும் வாங்கி, ஏறக்குறையப் பத்து வருஷம் ஒழுங்காகப் பழகினார். பிறகு 1908-ல், மீரஜ் சமஸ்தானத்து ராஜா எடுத்துச் சொன்னதன்பேரில், சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். மறு வருஷம் சிம்மாசனம் ஏறினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நமஸ்காரம் மராட்டியத்துக்குப் புதிதல்ல. சமர்த்த ராமதாஸ் சுவாமிகள் தினம் செய்தார் என்று அங்கே சொல்லுவார்கள். நமக்கும் புதிதல்ல. ரதசப்தமியிலோ ஞாயிற்றுக்கிழமைகளிலோ வைதிகர்கள் அருணப் பிரச்னத்தைப் பாராயணம் செய்ய, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் விழுந்து எழுந்திருப்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன். பவான்ராவ் செய்த புதுமை, ஆராதனையாக இருந்ததைக் கணக்கும் ஒழுங்கும் உள்ள ஒரு தேகப் பயிற்சியாக வகுத்ததுதான்.

அவர் வகுத்த முறையில் பத்து நிலைகள். கைகூப்பி நிமிர்ந்து நிற்பது, குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிப்பது, ஒரு காலைப் பின்னே நீட்டுவது, மறு காலையும் நீட்டுவது, நெற்றி, மார்பு, முழங்கால்கள் தரையில் பட சாஷ்டாங்கமாகப் படிவது, மார்பை நிமிர்த்துவது, இடுப்பை உயர்த்துவது, ஒரு காலை முன்னே கொண்டுவருவது, மறு காலையும் கொண்டுவந்து குனிந்து நிற்பது, கடைசியில் நிமிர்வது. இன்று பெரும்பாலும் சொல்லித் தரப்படும் பன்னிரண்டு நிலைகளில், கைகளை உயர்த்திப் பின்னால் வளைவது இரு முறை கூடியிருக்கிறது. மற்றபடி உருவம் அதுவேதான். பீஜ மந்திரங்களுடன் மித்ரர், ரவி, சூரியர் முதலான பன்னிரண்டு நாமங்களையும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை.

இதில் அவர் கண்ட நன்மை எளிமையானது. கருவி வேண்டாம், மைதானம் வேண்டாம், ஜோடி வேண்டாம், செலவு இல்லை. ஓர் ஆள் படுக்கும் இடம் போதும். ஆண், பெண், சிறுவர், முதியவர் எல்லோரும் செய்யலாம். தம் சமஸ்தானத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் இதைத் தினசரிக் கட்டாயமாக்கினார். பெண்கள் தேகப் பயிற்சி செய்வதே அதிசயமாயிருந்த காலம் அது. அவருடைய ராணியே இதைச் செய்துவந்தார், குழந்தைகளும் செய்தார்கள். ஊருக்கு உபதேசம் பண்ணுவதற்கு முன் வீட்டில் நடத்திக் காட்டியவர் என்பதால்தான் அவருடைய கட்டளைக்கு ஒரு கௌரவம் இருந்தது.

புத்தகங்கள் எழுதினார்; செய்முறையைத் திரைப்படமாகவும் எடுக்கச் செய்தார். லண்டன் சென்றிருந்தபோது லூயிஸ் மார்கன் என்ற பத்திரிகை நிருபர் இவருடைய முறையில் ஈடுபாடு கொண்டார். அந்த அம்மையார் தொகுத்த ஆங்கிலப் புத்தகம் 1938-ல் அங்கே வெளியானபோது பவான்ராவுக்கு ஏறக்குறைய எழுபது வயது. முதுமையிலும் அவருக்கிருந்த உடற்கட்டுதான் அந்தப் புத்தகத்துக்குச் சிறந்த அத்தாட்சி.

தேகத்தைப் போலவே நாட்டையும் அவர் சுயபலத்தில் நிறுத்த விரும்பினார். அவருடைய குமாரர் அப்பா பந்த், நம் ரமண மகரிஷிகளிடம் பக்தி கொண்டவரான போலந்து நாட்டு எஞ்சினியர் மாரிஸ் ஃப்ரிட்மன் ஆகியோரின் முயற்சியாலும், காந்திஜியின் ஆலோசனையாலும், 1939-ல் ஔந்த் மக்களுக்குப் பொறுப்பாட்சி வழங்கினார். அதிகாரம் கிராமப் பஞ்சாயத்துகளிடம் போயிற்று. 1948-ல் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. 1951 ஏப்ரலில், 82-ஆம் வயதில், பவான்ராவ் காலமானார். பிற்காலத்தில் பல நாடுகளில் நம் தூதராக இருந்த அப்பா பந்த், 1970-ல் சூரிய நமஸ்காரம் பற்றி ஒரு நூல் எழுதினார். தந்தை சிறுவயதில் போட்ட வித்து அறுபது வயதை நெருங்கும்போதும் காய்த்தது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நான் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் முதலில் பறிபோவது டிரில் பீரியட்தான். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் அது தாரை வார்க்கப்படும். பெற்றோர் யாரும் ஆட்சேபித்து நான் பார்த்ததில்லை, சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் நம்மவர்கள் முன்னணியில் நிற்பார்கள். பிள்ளை ஐ.ஐ.டி.க்குப் போகிறான், முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறான்.

விதிகளில் குறைவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குத் தினம் ஒரு பீரியட் தேகப் பயிற்சி என்று உத்தரவிட்டது. ஐந்து முதல் பதினேழு வயதுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பவான்ராவிடம் இருந்து, நம்மிடம் இல்லாமற்போனது, பெரியவர்களும் கூடச் செய்வது என்ற ஒன்றுதான். தொலைக்காட்சி முன் உட்கார்ந்துகொண்டு, போய் விளையாடு என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. மந்திரம் அவரவர் நம்பிக்கை. பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அதைக் கட்டாயமாக்குவது சரியல்ல. நமஸ்காரம் மட்டும் போதும் என்பதும் சரியல்ல. ஓட்டமும் பந்தாட்டமும் வளரும் பிள்ளைக்கு அவசியம். தோழமையும், தோற்றாலும் சிரிக்கத் தெரிவதும் மைதானத்தில்தான் வரும். ஆனால் பள்ளி விளையாட்டு பெரும்பாலும் பள்ளியோடு நின்றுவிடுகிறது. கல்லூரி விடுதி அறையிலும், வேற்றூரில் எடுத்த ஒற்றை அறை வாடகை வீட்டிலும், ஓய்வுபெற்ற பின்பும் கூட வருவது, இடமும் துணையும் கேட்காத பயிற்சி ஒன்றுதான். அதைப் பதினைந்து வயதுக்குள் உடம்பில் ஏற்றிவிட வேண்டும் என்பதே பவான்ராவின் வாழ்க்கை எனக்குச் சொல்லும் பாடம்.

பன்னிரண்டு நமஸ்காரம் நிதானமாகச் செய்தாலும் சில நிமிஷங்களே ஆகும். முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். வருகிற ரதசப்தமியன்று எருக்க இலை வைத்து ஸ்நானம் செய்த கையோடு, பேரன் பேத்திகளை அருகில் நிறுத்திக்கொண்டு, நம் வீடுகளில் இதை ஆரம்பிக்கலாம். மறுநாளும் செய்யவேண்டும் என்பதுதான் முக்கியம்.