கராத்தேவா, கிக்பாக்ஸிங்கா... எது பெஸ்ட்? புரூஸ் லீயின் வாழ்க்கை சொல்லும் பதில்!

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் போனால் கராத்தே, பாக்ஸிங், முய் தாய், கிக்பாக்ஸிங் என விதவிதமான பயிற்சி போர்டுகளைப் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, இதில் எது பெஸ்ட் என்பதைத்தான். இதே கேள்வியோடு கடைசி வரை மல்லுக்கட்டியவர் புரூஸ் லீ.

என்ன வித்தியாசம்?

பாக்ஸிங்கில் கை மட்டும்தான். கராத்தேவில் கையும் காலும் உண்டு; கூடவே 'கட்டா' எனும் வரிசை அசைவுகள். தாய்லாந்தின் முய் தாயில் முழங்கை, முழங்காலாலும் அடிக்கலாம். 1960-களில் ஜப்பானில் கராத்தேவும் தாய் பாக்ஸிங்கும் கலந்து உருவானதே கிக்பாக்ஸிங். இதன் பெரும்பாலான போட்டிகளில் முழங்கைக்கு அனுமதி இல்லை.

ஒன்று போதவில்லை

1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லீ, சிறுவயதில் இப் மேனிடம் விங் சுன் கற்றார். அது நெருங்கி நின்று வேகமாகக் குத்தும் கலை. அந்தப் பஞ்ச்களை வைத்தே 1958-ல் பள்ளிகளுக்கு இடையிலான பாக்ஸிங் போட்டியில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கா போனார்.

1964-ல் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேனுடன் சண்டை. யார் ஜெயித்தது என்பதில் இன்றும் இரண்டு கதைகள் உண்டு. ஆனால், சண்டை தான் நினைத்ததைவிட இழுத்துக்கொண்டே போனதும், தனக்கு மூச்சு வாங்கியதும் லீயை உறுத்தின. நம்பிய கலையில் ஓட்டை இருப்பதை ஒத்துக்கொண்டார். பாக்ஸிங்கின் ஃபுட்வொர்க், வாள்சண்டையின் டைமிங், டேக்வாண்டோவின் உயரமான கிக் என தேவையானதை எல்லாம் எடுத்தார். 1967-ல் அதற்கு 'ஜீத் குன் டோ' எனப் பெயர் வைத்தார்.

ஒரு தப்பு, பல மாத ஓய்வு

1970-ல் சரியாக வார்ம்-அப் செய்யாமல் எடை தூக்கியதில் முதுகில் பலத்த காயம். இனி கிக் அடிக்கவே முடியாது என டாக்டர்கள் சொல்லிவிட்டனர். படுக்கையில் இருந்தபடி லீ எழுதிய குறிப்புகள், அவர் இறந்தபின் 1975-ல் புத்தகமாக வந்தன.

1971-ல் ஒரு படத்துக்கு லொகேஷன் தேடி, நடிகர் ஜேம்ஸ் கோபர்னுடன் இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் படம் அவர் இருந்தவரை எடுக்கப்படவே இல்லை. அதே ஆண்டு தாய்லாந்தில் எடுத்த 'தி பிக் பாஸ்' அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. டாக்டர்கள் முடியாது என்ற அதே கிக்குகளைத்தான் அதில் ரசிகர்கள் பார்த்தார்கள். 1973 ஜூலை 20-ல், மூளை வீக்கத்தால் இறந்தபோது லீயின் வயது 32.

அப்போ எதில் சேர்ப்பது?

ஒரே ஸ்டைலில் எல்லாம் அடங்கிவிடாது என்பதே லீ கண்ட பதில். அதனால் போர்டைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு நாள் கிளாஸை நேரில் பாருங்கள். வார்ம்-அப் முறையாக நடக்கிறதா, பாதுகாப்புக் கவசத்தோடு ஸ்பாரிங் விடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். முதல் விஷயத்தைத் தவறவிட்டதற்கு லீயே பெரிய விலை கொடுத்திருக்கிறார்.