மனத்தைப் படிக்க மீண்டும் மாணவரான மருத்துவர்

சென்ற வருடம் தவணை விடுமுறையில் கொழும்பு பொது நூலகத்தில் ஒரு பெரிய படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் புரொய்டின் எழுதுமேசை அதில் ஒரு பக்கம் முழுவதும் அச்சாகியிருந்தது. மேசை நிறையப் பழங்காலச் சிறு சிலைகள். அவற்றின் நடுவே தந்தத்தால் செய்த ஒரு விஷ்ணு சிலை. வியன்னாவில் வாழ்ந்தவரின் மேசைக்கு இது எப்படி வந்தது என்று தேடினேன். 1931இல் அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த பரிசாம் அது. அனுப்பியது இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். அதன் தலைவர் டொக்டர் கிரிந்திரசேகர் போஸ்.

சிலையைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை அறிந்தேன். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையை விடாமல் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சாச்சி.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் சாச்சிக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்து நாற்பது முடிவதற்குள் தூக்கம் போய்விட்டது. பிள்ளை அழுதாலும் எழும்பமாட்டார். காரணமில்லாமல் அழுதுகொண்டிருப்பார். அயலவர்கள் கண்ணூறு என்றார்கள். உம்மும்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கடைசியில் வாப்பா ஓர் உளமருத்துவரிடம் கூட்டிச் சென்றார். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் சாச்சி பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கத் தொடங்கினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று வேறோர் இடத்தில் ஆலோசனை வழங்கும் ஒருவரிடமும் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார், அன்பாகப் பேசினார். பேச்சோடு பேச்சாக மாத்திரைகளை நிறுத்திவிடும்படியும் சொன்னார். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவரை ஒரு டொக்டர் என்றே நினைத்திருந்தோம். அவர் டொக்டர் அல்லர். மூன்று வாரத்தில் சாச்சி முன்னரைவிட மோசமாகி, வைத்தியசாலை வாட்டில் தங்க நேர்ந்தது.

சாச்சியின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். மனநலத்துக்கென்று எத்தனை வகைத் தொழில்கள் உண்டு, யார் என்ன செய்யலாம், யார் என்ன செய்யக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமலிருந்தது. அந்தக் கேள்வியோடு நான் தேடியபோது கிடைத்த வாழ்க்கைதான் போஸுடையது.

கிரிந்திரசேகர் போஸ் 1887இல் பீகாரிலுள்ள தர்பங்காவில் பிறந்தார். குடும்பம் வங்காளக் குடும்பம். தந்தை சந்திரசேகர் போஸ் தர்பங்கா மகாராஜாவின் திவானாகப் பணியாற்றியவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி கிரிந்திரசேகர். அவருடைய அண்ணன்களில் ஒருவரான ராஜசேகர் போஸ் பிற்காலத்தில் வங்காள இலக்கியத்தில் பரசுராம் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். தொழிலால் அவர் ஓர் இரசாயனவியலாளர். இந்த அண்ணனின் பெயரை நினைவில் வைத்திருங்கள். கதையின் பிற்பகுதியில் இவர் மீண்டும் வருவார்.

கிரிந்திரசேகர் கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே மாயவித்தையிலும் மனோவசியத்திலும் அவருக்கு ஆர்வம் அதிகம். நாம் கண்ணால் பார்ப்பதையே மனம் எப்படி வேறொன்றாகக் காட்டுகிறது என்ற வியப்பு அந்த வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பட்டம் பெற்றதும் அவர் கல்கத்தாவில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். மனத் துன்பத்தோடு வந்தவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, பேச்சின் மூலமே குணப்படுத்தும் ஒரு முறையைத் தாமாகவே உருவாக்கிக்கொண்டார். அக்காலத்தில் புரொய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் மிகச் சிலவே வெளிவந்திருந்தன. முதலாம் உலகப் போர் அவையும் இந்தியாவுக்கு வரும் வழியைக் கடினமாக்கியது.

இங்குதான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஒன்று நடந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதலாவது உளவியல் துறை புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. நோயாளிகள் தேடிவரும் மருத்துவரான போஸ் அங்கே போய் மாணவராகச் சேர்ந்தார். 1917இல், முப்பது வயதில், உளவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட்டுக்கொள்ள உரிமையுள்ள ஒருவர், இது எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்று மீண்டும் வகுப்பறை வாங்கில் உட்கார்ந்தார். அக்கால மருத்துவப் படிப்பில் உடலைப் பற்றிய பாடம் நிறைய. மனத்தைப் பற்றிய பாடம் மிகக் குறைவு. மருத்துவமும் உளவியலும் வெவ்வேறு படிப்புகள் என்பதையும், ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றது தானாக வந்துவிடாது என்பதையும் அவர் தம் செயலாலேயே ஏற்றுக்கொண்டார்.

1921இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, விருப்பங்களை மனம் எவ்வாறு உள்ளே அமுக்கிவைக்கிறது என்பதைப் பற்றியது. இந்தியாவில் உளவியலுக்காக வழங்கப்பட்ட முதலாவது கலாநிதிப் பட்டம் அதுவே. நூலாக வந்த அந்த ஆய்வைப் போஸ் புரொய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் போஸ் வெறும் சீடராக இருக்கவில்லை. மனிதனின் ஒவ்வொரு விருப்பத்துக்கும் அதற்கு நேர்மாறான இன்னொரு விருப்பம் உள்ளே மறைந்திருக்கும் என்ற தமது சொந்தக் கோட்பாட்டை முன்வைத்தார். புரொய்ட் அதை முழுமையாக ஏற்கவில்லை. போஸும் அதைக் கைவிடவில்லை. ஆட்சி செய்யும் ஐரோப்பாவிலிருந்தே அறிவு வரும் என்று பலர் நம்பிய காலத்தில், ஆட்சி செய்யப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் மரியாதையோடு மாற்றுக்கருத்துச் சொன்னார்.

1922 ஜனவரியில், கல்கத்தா பார்சிபாகன் ஒழுங்கையில் இருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது. அதன் முதல் உறுப்பினர்கள் எல்லோரும் மருத்துவர்கள் அல்லர். உளவியலும் மெய்யியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சில வருடங்களின் பின், 1926இல், வியன்னாவில் இதே விடயம் பெரும் பிரச்சினையானது. மருத்துவப் பட்டம் இல்லாத தியோடர் ரெயிக் என்ற பகுப்பாய்வாளர் மீது போலி வைத்தியர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. மருத்துவர் அல்லாதவரும் முறையான பயிற்சியோடு இத்தொழிலைச் செய்யலாம் என்று வாதாடிப் புரொய்ட் ஒரு நூலையே எழுதினார். இதைப் படித்தபோது சாச்சிக்கு நடந்ததன் இரண்டு பக்கங்களும் எனக்கு விளங்கின. மருத்துவர் அல்லாதவர் மனத்துக்கு உதவுவது தவறல்ல. தம் தொழிலின் எல்லையைத் தாண்டி, மருந்தில் கைவைப்பதுதான் தவறு.

போஸ் தம் அறிவைத் தம் அறைக்குள் வைத்திருக்கவில்லை. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் மனநோயாளருக்கான வெளிநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதுவரை மனநோய் என்றால் ஊருக்கு வெளியே உயர்ந்த மதில்களுக்குள் பூட்டிவைப்பது என்றே வழக்கம். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் போகும் அதே பொது வைத்தியசாலைக்கு மனநோயாளரும் வந்து, மருந்து பெற்று, மாலையில் தம் வீட்டுக்கே திரும்பலாம் என்ற நிலையை இந்தியாவில் தொடக்கிவைத்தது அந்தப் பிரிவு.

இப்போது அண்ணன் மீண்டும் வருகிறார். 1940இல் ராஜசேகர் போஸ் கொடுத்த இடத்தில், கல்கத்தா தில்ஜலாவில், சங்கம் ஒரு மனநல வைத்தியசாலையைத் திறந்தது. அதற்கு வைத்த பெயர் லும்பினி பூங்கா. புத்தர் பிறந்த இடத்தின் பெயர் அது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று மக்கள் முகஞ்சுளித்த இடத்துக்குப் பூங்கா என்று பெயர் வைத்ததிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்குத் தலைமை வகித்து ஒரு தலைமுறை உளவியலாளரை உருவாக்கிய போஸ், வங்காள மொழியிலும் நிறைய எழுதினார். சிறுவர்களுக்காக எறும்புகளைப் பற்றிய ஒரு கதைநூலும் அவற்றில் ஒன்று. சங்கத்தின் தலைமையை இறுதிவரை வகித்து, 1953 ஜூனில் கண்மூடினார்.

அவருக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன் நம் முஸ்லிம் அறிஞர் ஒருவரும் இதே வழியில் சிந்தித்திருக்கிறார் என்று எங்கள் ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலினதும் உள்ளத்தினதும் நலன் பற்றி ஒரு நூல் எழுதினார். துக்கம் இரண்டு வகை என்றார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துக்கம் மற்றொன்று. முன்னையதற்குச் சிந்தனையாலும் பேச்சாலும் பரிகாரம். பின்னையதற்கு வைத்தியமும் வேண்டும். சாச்சியின் கண்ணீருக்குக் காரணம் தேடிக் களைத்துப்போன எங்கள் வீட்டில் இதை வாசித்துக் காட்டினேன். உம்மும்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, ஓதிய தண்ணீரோடு மாத்திரையையும் எடுத்துக் கொடுக்கும்படி உம்மாவிடம் சொன்னார்.

சாச்சி வாட்டில் இருந்த நாட்களில் போஸ் ஒருவராகவே சுமக்க முயன்ற வேலைகளை இன்று எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை நேரில் கண்டேன். உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மனநோயில் சிறப்புப் பயிற்சியும் பெற்றவர். நோயை நிர்ணயித்து மருந்து கொடுப்பவரும், அதைக் கூட்டுபவரும், குறைப்பவரும், நிறுத்துபவரும் அவரே. சிகிச்சை உளவியலாளர் உளவியல் படித்தவர். சோதனைகளாலும் முறையான பேச்சுச் சிகிச்சையாலும் உதவுவார், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் நம் பிரச்சினைகளைக் கேட்டு, நாமே வழிகாண உதவுவார். மனநலத் தாதியர் இரவு பகலாகப் பக்கத்திலிருந்து கவனிப்பவர்கள். சமூகப் பணியாளர் குடும்பத்தோடு பேசி, வீட்டு நிலைமையை அறிந்து, திரும்பிப்போகும் வழியைச் சீராக்குவார். தொழில்வழிச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளுக்குக் கையும் மனமும் மீண்டும் பழக உதவுவார். சாச்சியின் தலையை முதன்முதலில் வாரிவிட்டவர் ஒரு தாதி. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டவர் ஒரு சமூகப் பணியாளர். எந்த ஒருவரையும் எடுத்துவிட்டால் சாச்சி இன்று இந்த அளவு சுகமாகியிருக்கமாட்டார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்கு மனம் சோர்ந்தால், யாரிடம் போனாலும் அவர் என்ன படித்தவர், என்ன பொறுப்பில் இருப்பவர் என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. உளமருத்துவர் தந்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். அங்கொடை என்ற ஊர்ப்பெயரைக் கேலிச்சொல்லாக நாம் பாவிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். வகுப்பில் நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

தோழிகளிடம் ஒரு சொல். உயிரியல் பிரிவில் படிக்காதவர் மனநலத் துறைக்குப் போக முடியாது என்று வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பியிருந்தேன். அது உண்மையல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பீடத்திலேயே உளவியல் படிக்கலாம். போஸ் மருத்துவத்திலிருந்து உளவியலுக்கு வந்தார். அவருடைய வீட்டில் கூடிய ஆசிரியர்கள் மெய்யியலிலிருந்து வந்தார்கள். கலைப்பிரிவிலிருந்து நான் வர நினைக்கிறேன். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் நான் அந்த அறையில் உட்காரும்போது, என் முன்னால் இருப்பவரிடம் முதலில் நான் யார், எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதைச் சொல்லிவிட்டே பேசத் தொடங்குவேன்.

தரம் 13, கலைப்பிரிவு மாணவி