முத்துலட்சுமி டாக்டரம்மா

எங்க அக்கா மாசமா இருந்தப்போ நர்சம்மா வீட்டுக்கு வந்து பேர் எழுதிக்கிட்டுப் போனாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று தாளில் இருந்தது. யார் இவர் என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்ததை எழுதுகிறேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மா மாப்பிள்ளை தேட நினைத்தார். ஆனால் அவருக்குப் படிக்கத்தான் ஆசை. வீட்டிலேயே படித்தார். பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேரக் கேட்டபோது எதிர்ப்பு வந்தது. மன்னரே அனுமதி கொடுத்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டர் ஆனார்.

1927ல் சென்னை சட்டசபைக்குப் போனார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல் பெண் சட்டசபை உறுப்பினர் இவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அங்கே வாதாடினார். இப்போ நம்ம பள்ளிக்கு டாக்டர்கள் வந்து கண்ணு, பல்லு, ரத்தசோகை எல்லாம் பார்க்கிறாங்களே, அப்படி நடக்கணும்னு அன்றைக்கே கேட்டிருக்காங்க! தேவதாசி முறையை ஒழிக்கவும் பாடுபட்டார். அதற்கு 1947ல் சட்டம் வந்தது. தங்க இடமில்லாமல் வந்த பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். அதுதான் அவ்வை இல்லம் ஆனது. தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மறக்காமல் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1968ல் காலமானார். அவர் பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவும் அவர் போராடினார். 1929ல் வந்த சட்டத்தில் பெண்ணுக்குக் கல்யாண வயது 14 என்று வைத்தார்கள். படித்ததும் எனக்குத் திக்கென்று இருந்தது. எனக்கு இப்போ 14 வயசு! 1978ல்தான் அது 18 ஆனது. சின்ன வயசில் பிள்ளை பெற்றால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளையும் எடை குறைவாகப் பிறக்கும் என்று டீச்சர் சொன்னாங்க. அதனால் இதுவும் குழந்தைகளைக் காப்பாற்றுகிற வேலைதான்.

எங்க அம்மாயிக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம். முதல் குழந்தை தங்கவில்லை. அந்த அம்மாயியே எனக்குப் பத்தாவது போதும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இதை எழுதி முடித்து அவங்களுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அன்னைக்குச் சாயங்காலம் மாடு கட்ட என்னைக் கூப்பிடாம அவங்களே போயிட்டாங்க. நான் கணக்குப் போட்டேன்.

தோழிகளே, டாக்டர்கள் வரும்போது பயந்து லீவு போடாதீங்க. அந்தப் பரிசோதனைக்காக ஒரு அம்மா சட்டசபையில் சண்டை போட்டிருக்காங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி