வாலாஜா நவாபும் வம்சாவளியும்

சென்ற மாதம் வையம்பட்டியில் ஒரு நிக்காஹ் பேச்சுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் பழைய ஷஜரா ஒன்றை விரித்து, தம் முன்னோர் இன்னார் என்று காட்டினார். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படி ஏடு ஏதும் இல்லை. பேச்சு அத்துடன் நின்றுவிட்டது.

திருச்சி திரும்பிய நாம், நத்ஹர் வலியுல்லாஹ் தர்காவுக்கு ஜியாரத் சென்றோம். அங்கே அடங்கியிருக்கும் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் வாழ்வு அப்போது நினைவுக்கு வந்தது.

வடநாட்டுக் கோபாமவு அவர் குடும்பத்தின் பூர்வீகம். 1749ல் தந்தை அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் ஷஹீதாக, மகன் திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். சந்தா சாஹிபின் முற்றுகையைத் தாங்கி, 1752ல் வென்றார். வாலாஜா என்ற பட்டம் 1765ல் தில்லிப் பாதுஷாவிடமிருந்து வந்தது. லக்னோவின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அவர்களைச் சென்னைக்கு அழைத்து ஆதரித்தவரும் அவரே.

தம் வரலாற்றை புர்ஹான் கானைக் கொண்டு பாரசீகத்தில் எழுதுவித்தார். 'துஸுகே வாலாஜாஹி' எனும் அந்நூல், நவாபின் நஸபை இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வரை கொண்டு செல்கிறது. முஹம்மது ஹுசைன் நயினார் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1934 முதல் வெளியிட்டது.

ஆனால் அந்த உமர் (ரலி) அவர்களே வம்சாவளியை எப்படிக் கையாண்டார்கள்? ஹிஜ்ரி 20ல் மானியப் பதிவேடு தயாரிக்க, நஸபுக் கலையில் வல்ல அகீல், மக்ரமா, ஜுபைர் பின் முத்இம் (ரலி) ஆகியோரை நியமித்தார்கள். அவர்கள் கலீஃபாவின் குடும்பத்தை முன்வரிசையில் எழுதினார்கள். உமர் (ரலி) அதை ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்களுக்கு நெருங்கிய உறவினரை முதலில் எழுதச் செய்து, தம் அதீ கோத்திரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களுக்குத் தம் மகன் அப்துல்லாஹ்வை விட அதிக மானியமும் அளித்தார்கள்.

நவாப் பெருங்கடனுடன் 1795ல் மறைந்தார். 1801ல் நாடு கும்பெனியார் கைக்குப் போயிற்று. நஸப் அதைத் தடுக்கவில்லை. அவரும், அவர் வென்ற சந்தா சாஹிபும் இன்று ஒரே வளாகத்து மண்ணில் உறங்குகிறார்கள்.

நஸபை அறிவது உறவைச் சேர்க்கவே. வந்த சம்பந்தத்தை விலக்க அல்ல. இதைச் சொல்லவே மீண்டும் வையம்பட்டி செல்கிறோம். மாப்பிள்ளையின் தொழுகையையும் குணத்தையும் விசாரித்து, நின்ற பேச்சைத் தொடரச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.